ஞாயிறு மாலையே வயிற்றில் கல்: எபேனில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 27 வயது. மொரீஷியஸில் எபேன் சைபர் சிட்டியில் ஒரு கால் சென்டரில் ஐந்து வருடமாக இருக்கிறார். பிரான்சில் இன்டர்நெட் நின்றுபோனால் கோபத்தோடு கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. ஆனாலும் ஞாயிறு மாலையே வயிற்றில் கல் வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். வீட்டில் "கையில் இருக்கிறதை விடாதே" என்கிறார்கள். கூட்டாளிகள் "மனசுக்குப் பிடித்ததைச் செய்" என்கிறார்கள். மனநிறைவு தரும் வேலை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை, அது வசதி உள்ளவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சா என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது தம்பி. பஞ்சுத் தூசிக்கு நடுவே உட்கார்ந்து அதை அனுபவித்திருக்கிறேன். ஏசி போட்ட அறையில் பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களிடம் அது துளியும் இல்லாததையும் பார்த்திருக்கிறேன்.

நான் யார் என்று சொன்னால்தான் மற்றதற்கு அர்த்தம் இருக்கும். 1982இல், பதினெட்டு வயதில், ஒரு பின்னலாடை ஆலையில் ரெமாயாஸ் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டையை உடலோடு கண்ணி கண்ணியாகச் சேர்ப்பதுதான் ரெமாயாஸ். வட்டமான மெஷின், சுற்றிலும் ஊசிகள். ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு ஊசியில் மாட்ட வேண்டும். ஒன்று நழுவினாலும் இரண்டு முறை துவைத்ததும் அங்கே ஓட்டை விழும். ஏற்றுமதி ஆலைகளுக்கான சட்டம் 1970இல் வந்தது. நான் சேர்ந்த அந்தப் பத்தாண்டில் ஆலைகள் பெருகின, உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்கள். பிறகு சூப்பர்வைசர் ஆனேன். பணியாளர் பிரிவுக்குப் போனேன். தபால் வழியில் வேலை உளவியல் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆட்களை எடுப்பதும் பயிற்சி தருவதும், சில சமயம் வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தை நீட்டுவதும்தான் என் பிழைப்பு. தமிழ், கோவில் மாலை வகுப்பில் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலில் காசு. வேலையில் அர்த்தம் தேடுங்கள் என்று பேசுகிறவர்கள் பலர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். என் அம்மா காலத்தில் லாபூதிக்கில், அதாவது தெருமுனைக் கடையில், கார்னே என்ற கடன் நோட்டு இருந்தது. அரிசி, எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் அந்தச் சின்ன நோட்டில் ஏறும், சம்பளம் வந்த அன்று கழியும். சில மாதம் கழியாது. கார்னே கழியாத வீட்டில் போய் மனநிறைவைப் பற்றிப் பேசினால் அம்மா துடைப்பத்தை எடுத்திருப்பார். எடுத்தால் நியாயம்தான்.

1943 செப்டம்பர் 27 அன்று பெல் வ்யூ ஹரேல் கரும்புத் தோட்டத்தில் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் கர்ப்பிணியாக இருந்த அஞ்சலை குப்பன் உயிர்விட்டார். இன்று அந்தப் பக்கத்தில் இருக்கும் விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர்தான். அவர்கள் அன்று கேட்டது அர்த்தமுள்ள வேலையை அல்ல, செய்த வேலைக்குச் சரியான கூலியை. வரிசையில் அது முதலில் வரும். தேசியக் குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்று நம் நாட்டுக்கு 2018 ஜனவரியில்தான் வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். "இது வெறும் வேலை இல்லை, நாம் ஒரு குடும்பம்" என்று சொல்லிக்கொண்டே ஓவர்டைம் காசை வெட்டுகிற முதலாளியிடம் மாட்டியிருந்தால், உங்கள் பிரச்சினை மனநிறைவு அல்ல, கணக்கு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதனால் மேலே போகலாம்.

ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் பிட்ஸ்பர்க் பகுதியில் 203 கணக்காளர்களையும் பொறியாளர்களையும் பேட்டி எடுத்தார்கள். முடிவுகள் 1959இல் வெளிவந்தன. "வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள், மிகவும் வெறுத்த நேரத்தைச் சொல்லுங்கள்" என்பதுதான் கேள்வி. வெறுப்புக்குச் சொன்ன காரணங்கள்: மேலதிகாரி, கம்பெனி விதிகள், வேலைச் சூழல், சம்பளம். சந்தோஷத்துக்குச் சொன்னவை: ஒன்றைச் சாதித்தது, அதை ஒருவர் கவனித்தது, வேலையே பிடித்திருந்தது. இரண்டும் இரண்டு வேறு பட்டியல். நல்லது நடந்தால் நம்மால், கெட்டது நடந்தால் அடுத்தவனால் என்று சொல்வது மனித சுபாவம்தானே என்று பின்னால் வந்தவர்கள் அந்த ஆய்வைக் குறை சொன்னார்கள். அது சரியான குறைதான். ஆனாலும் எனக்கு அது ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. செருப்புக்குள் கல் குத்துவது வேறு, வயிற்றில் பசி எடுப்பது வேறு. கல்லை எடுத்துப் போட்டால் குத்தல் நிற்கும், பசி ஆறாது. ஆலையில் கேன்டீனைப் புதுப்பித்தோம், மின்விசிறி மாட்டினோம், புகார் நின்றது. ஆனால் அதற்காக யாரும் காலையில் துள்ளிக்கொண்டு வரவில்லை.

உங்களுக்கு இருப்பது கல்லா பசியா? நீங்கள் கல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தபோது பசி மாதிரிதான் பட்டது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். இதில் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

என் பாட்டனார் கரும்புத் தோட்டத்தில் இருந்தவர். அவருக்கும் முந்தைய தலைமுறையில் 'டபுள் கட்' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். காய்ச்சலோ, சாவு வீடோ, சர்தாருக்கு, அதாவது மேஸ்திரிக்கு, கவலை இல்லை. நாள் முழுவதும் இன்னொருவனுடையது. ஆனால் பாட்டனார் சொல்லும்போது முகம் மலர்கிற ஒரு சொல் இருந்தது, லாதாஸ். இன்றைக்கு இத்தனை வரிசை களை எடுக்க வேண்டும் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். இருட்டோடு எழுந்து போய் பத்து மணிக்குள் முடித்துவிட்டால் அப்புறம் அவர் ராஜா. வீட்டுக்கு வந்து மாட்டுக்குப் புல் அறுப்பார், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுவார். கூலி ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை, வேலையும் அதே களைதான். எப்போது தொடங்குவது, எந்த வேகத்தில் போவது, எப்போது நிமிர்வது என்ற மூன்று மட்டும் அவர் கைக்கு வந்துவிட்டன. அதைத்தான் எண்பது வயதிலும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இது தாத்தா கதை மட்டும் இல்லை. லண்டனில் அரசு ஊழியர்களின் உடல்நலத்தைப் பல பத்தாண்டுகள் கவனித்த ஆய்வுகள் இருக்கின்றன. முதலாவது 1967இல் தொடங்கியது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாவதில் 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். வந்த விடை தலைகீழ். படிநிலையில் கீழே போகப் போக இதய நோய் கூடியது. புகை, உணவு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. தன் வேலையை எப்படிச் செய்வது என்ற முடிவு எவ்வளவு தன் கையில் இருக்கிறது என்பது அதில் பெரிய பங்கு வகித்தது. ராபர்ட் கரசேக் என்ற ஆய்வாளர் 1979இலேயே ஏறக்குறைய இதைச் சொல்லியிருந்தார். பாரம் அதிகம் என்பதால் மட்டும் ஆள் நசுங்குவதில்லை, பாரமும் அதிகம் முடிவெடுக்கும் உரிமையும் இல்லை என்ற இரண்டும் சேரும் இடத்தில்தான் நசுங்குகிறான்.

இப்போது உங்கள் மேஜைக்கு வாருங்கள். அழைப்பு எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது திரையில் எழுதியிருக்கிறது. எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று மூலையில் கடிகாரம் ஓடுகிறது. கழிப்பறைக்குப் போனால் அதற்கும் ஒரு பட்டன். ஐந்து வருடம்! சம்பளம் நன்றாக இருந்தும் மனம் ஏன் வாடுகிறது என்று நீங்கள் குழம்ப வேண்டியதே இல்லை.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) வெளியிலிருந்து வந்த ஒரு மேனேஜர் கழிப்பறைக்கு டோக்கன் முறை கொண்டுவந்தார். நாற்பது பெண்களுக்கு இரண்டு பித்தளை வில்லைகள். வில்லை ஆணியில் தொங்கினால் போகலாம், இல்லாவிட்டால் அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த மாதம் எங்கள் லைனில் நழுவிய கண்ணிகள் கூடின. அவருக்குக் காரணம் புரியவே இல்லை. அடுத்து வந்த சூப்பர்வைசர் அம்மா, இத்தனைக்கும் ஆறாம் வகுப்போடு நின்றவர், ஒரே ஒரு மாற்றம் செய்தார். காலையில் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்காமல் மொத்தமாக மேஜையில் வைத்தார். எந்த நிறத்தை முதலில் எடுப்பது, யார் கறுப்பு நூலை எடுப்பது என்று நாங்களே பேசி முடிவு செய்தோம். கறுப்பு நூல் கண்ணைக் குத்தும், கண்ணி தெரியாது. அதை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். வில்லைகளைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒரு நாள் ஆணியோடு காணாமல் போயின. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. நான் இல்லை.

இரண்டாவது, நம் வேலை யாரிடம் போய்ச் சேருகிறது என்பது. ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் உங்கள் மாதிரியே ஒரு கால் சென்டரில் பரிசோதனை செய்தார். ஒரு பல்கலைக்கழகத்துக்காக நன்கொடை கேட்டு ஃபோன் செய்கிறவர்கள் அவர்கள். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரை அவர்களில் சிலருக்கு ஐந்தே நிமிடம் சந்திக்க வைத்தார். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சந்தித்தவர்கள் ஃபோனில் செலவிட்ட நேரமும் சேர்த்த பணமும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தன. சந்திக்காதவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. முடிவு 2007இல் வந்தது.

இதைப் படித்த உற்சாகத்தில் நானும் ஒரு காரியம் செய்தேன். பாரிஸ் கடை ஒன்றில் எங்கள் ஸ்வெட்டர்கள் தொங்கும் படங்களை வாங்கிவந்து லைனில் ஒட்டினேன். எல்லோரும் கூடிப் பார்த்தார்கள், "அது என் கழுத்து" என்று ஒருத்தி கத்தினாள், ஒரே குதூகலம். அப்புறம் யாரோ விலைச்சீட்டைப் படித்தார்கள். எங்கள் ஒரு வாரச் சம்பளத்தைவிட அதிகம். மதியத்துக்குள் லைன் முழுவதும் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. படத்தை நானே கழற்றினேன். வேலை யாரிடம் போகிறது என்று காட்டுவது நல்லதுதான், ஆனால் காட்டினால் முழுவதும் தெரியும். நியாயம் இல்லாத இடத்தில் அது தேனாக இருக்காது.

உங்கள் வேலையில் அது எப்படி? ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு இணைப்பு திரும்பி வந்து பேரனோடு பேசுகிறாள் என்றால் அது உங்களால்தான். ஆனால் அழைப்பு மூடியதும் அடுத்தது வந்துவிடுவதால் அது உங்களுக்குத் தெரியாமலே போகிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களிடம் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் பேசிப் பார்த்தார்கள். ஒரே வேலை, ஒரே சீருடை. சிலர் "தரையைத் துடைக்கிறேன்" என்றார்கள். சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்கள் யாரும் சொல்லாமலே வேலையின் ஓரங்களை மாற்றியிருந்தார்கள்: நோயாளியோடு இரண்டு வார்த்தை, வழி தெரியாமல் நிற்கும் உறவினருக்கு உதவி. வேலைக்குள் வேலை செய்துகொள்வது என்று இதை நான் சொல்வேன். ஆனால் ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே மாற்ற முடியும்? எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் வாசிக்கிறவனுக்கு ஓரமே இல்லை. அதனால்தான் முடிவு நம் கையில் இருப்பதை முதலில் வைத்தேன்.

மூன்றாவது, நம்மோடு வேலை செய்கிற மனிதர்கள். இதன் அருமை இருக்கும்போது தெரியாது. உலக ஜவுளி வணிகத்தில் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வாங்கலாம் என்ற ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தோடு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் சில வருடங்களில் இங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சில மடகாஸ்கருக்குப் போயின. நான் கடிதம் நீட்டியவர்களில் சிலர் என்னோடு ரெமாயாஸ் மெஷினில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள். பின்னால் அவர்களைப் போய்ப் பார்த்தேன், குற்ற உணர்ச்சியும் ஒரு காரணம். சம்பளத்துக்கு அடுத்தபடி என்ன இல்லாமல் போனது என்று கேட்டால் மெஷினையோ ஸ்வெட்டரையோ யாரும் சொல்லவில்லை. டீ நேரம் என்றார்கள். ஒருத்தி கொண்டுவரும் ஊறுகாயை இன்னொருத்தியின் ரொட்டியோடு தின்றது. மருமகளைப் பற்றிப் புலம்ப ஒரு இடம். "காலையில் எழுந்து தலை வாரிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது" என்றாள் ஒருத்தி.

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்ற ஊரில் இதே கதை நடந்திருக்கிறது. ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பி இருந்தது, உலகப் பொருளாதாரச் சரிவில் அது மூடியது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் மூவரும் குழுவோடு போய் அங்கேயே இருந்து பார்த்து 1933இல் வெளியிட்டார்கள். நேரம் மிச்சமாகக் கிடந்தது, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தையே அளந்தார்கள், நடை தளர்ந்திருந்தது. பெண்களுக்கு மட்டும் வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் நடை தளரவில்லை! கூலிக்கு மேலே வேலை நமக்குத் தெரியாமல் தருவது என்னென்ன என்று யஹோடா பின்னால் எழுதினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பு, ஊரில் ஓர் இடம், சும்மா இருக்க விடாத ஒரு கட்டாயம். நம் ஊரில் சர்க்கரை ஆலைகள் குறைந்து, தோட்டத் தொழிலாளர்களுக்குப் பணமும் ஒரு துண்டு நிலமும் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு தந்தபோது, காய்கறி போட்டவர்கள் இளமையானார்கள். கடைத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் இரண்டே வருடத்தில் கிழவர்களானார்கள். என் சொந்தத்திலேயே இரண்டு விதமும் உண்டு.

எனவே ராஜினாமா கடிதம் எழுதும் முன் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வரிசையில் யாராவது விடுமுறையில் போனால் அன்று உங்களுக்கு வெறுமையாக இருக்கிறதா? இருந்தால் நீங்கள் இழக்கப்போவது சம்பளம் மட்டும் இல்லை.

கை தேர்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் ஆட்கள் இந்தத் தீவுக்கு முதலில் வந்தது கரும்பு வெட்ட இல்லை. லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் கவர்னராக இருந்த 1730களில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயியைக் கட்டுவதில் பங்குபெற்றவர்கள். தொழில் தெரிந்தவர்கள் என்றுதான் அழைத்து வந்தார்கள். ஒரு தொழில் கைக்குள் வந்து உட்காரும் சுகம் தனி. முதல் வாரம் ஒரு கழுத்துக்கு அரை மணி நேரம் ஆனது, அழுதேன். ஒரு வருடத்தில் கண்ணை மூடினாலும் விரல் கண்ணியைத் தேடிப் பிடித்தது. அந்த வருடம்தான் நான் அதிக சந்தோஷமாக இருந்தது, எல்லாம் தெரிந்துவிட்ட மூன்றாம் வருடத்தில் இல்லை. தெரிசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 238 பேரிடம் தினமும் வேலை நாட்குறிப்பு எழுத வைத்துக் கிட்டத்தட்ட 12,000 குறிப்புகளைப் படித்தார்கள். நல்ல நாள் என்று தோன்றிய நாட்களில் மற்ற எதையும்விட அதிகமாகக் காணப்பட்டது, முக்கியமான ஒரு வேலையில் கொஞ்சமாவது முன்னேறியதுதான். நீங்கள் ஐந்தாம் வருடம் அதே நாற்காலியில் இருக்கிறீர்கள். தேறிய கை அடுத்த முடிச்சைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் கூட்டாளிகளின் அறிவுரை, "பிடித்ததைச் செய்." எனக்கு இதில் பாதிதான் நம்பிக்கை. ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்ப்சன் என்ற இருவர் அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளில் விலங்குகளைப் பராமரிக்கிறவர்களை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். பலர் பட்டப்படிப்பு படித்தவர்கள், சம்பளமோ குறைவு, வேலையோ சாணி அள்ளுவது. ஆனாலும் இதற்காகவே பிறந்தோம் என்கிறார்கள். அந்தப் பிடிப்பு உண்மையான நிறைவைத் தந்தது. கூடவே, குறைந்த சம்பளத்தையும் நேரங்கெட்ட வேலையையும் பொறுத்துக்கொள்ள வைத்தது. மேலிடம் அதைச் சுரண்டுகிறதோ என்ற சந்தேகமும் அவர்களுக்கு இருந்தது. நம் ஊரில் நர்ஸ்களையும் பாலர் பள்ளி டீச்சர்களையும் கேட்டுப் பாருங்கள். பிடித்த வேலை என்பதால் காசு கேட்க வாய் வராது.

இன்னொரு பக்கமும் உண்டு. என் சின்னம்மா மகன் தைப்பூசத்துக்குக் காவடி ஜோடிப்பதில் கெட்டிக்காரன். பூ, தென்னங்குருத்து, மயிலிறகு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்வான். ஒரு வருடம் ஆர்டர் எடுத்துக் காசுக்குச் செய்யத் தொடங்கினான். மூன்றாம் வருடம் தன் சொந்தக் காவடிக்கே கை வரவில்லை என்றான். எட்வர்ட் டெசி 1971இல் மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை நினைவுக்கு வந்தது. காசு கொடுத்து விளையாட வைத்தவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்துவிட்டது. எல்லாப் பிடித்ததையும் பிழைப்பாக்க வேண்டியதில்லை. சிலதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும். பாரிஸ் கடிகாரத்துக்கு வேலை செய்கிறீர்கள். குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட மூன்று மணி நேரம் பின்னால், கோடையில் இரண்டு. அவர்கள் மாலை ஆறுக்கு ஃபோனை வைத்தால் இங்கே ஒன்பது. சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எந்த 45 என்பது பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வை விவரித்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்வதில் திறன் குறைந்துவிட்டது என்ற எண்ணம். மூன்றும் இருந்தால், அதோடு தூக்கமும் கெட்டிருந்தால், என் பதிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வெறும் அலுப்பு என்றால் தொடர்ந்து படிக்கலாம்.

என்ன செய்யலாம்? மூன்று வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், கார்னே மாதிரி. தினமும் மெட்ரோவில் வீடு திரும்பும்போது மூன்று வரி. இன்று நானாக முடிவு செய்தது என்ன, யாருக்கு உண்மையில் உதவினேன், நேற்றுத் தெரியாதது இன்று என்ன தெரிந்தது. ஒன்றும் இல்லாத நாளில் கோடு போட்டு விடுங்கள். பொய் எழுத வேண்டாம், யாரும் பார்க்கப் போவதில்லை. என் அனுபவத்தில், எந்த வரி திரும்பத் திரும்பக் காலியாக இருக்கிறது என்பது பத்து நாளிலேயே தெரிந்துவிடும்.

தெரிந்ததும் டீம் லீடரிடம் போங்கள். "எனக்கு மனசு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். முப்பது வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், அதைக் கேட்டால் மேலதிகாரி தலையை ஆட்டி "கொரெக், கொரெக்" (சரி, சரி) என்பார், அதோடு முடிந்தது. கையில் பிடிக்கிற மாதிரி ஒன்றைக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் பயிற்சி தருகிறேன். சிக்கலான புகார்களை மட்டும் எனக்கு மாற்றுங்கள், ஆனால் அந்த அழைப்புகளுக்குக் கடிகாரம் வேண்டாம். ஷிஃப்ட் அட்டவணையை எங்கள் எட்டுப் பேரையே போட விடுங்கள், இடம் காலியாகாமல் பார்த்துக்கொள்கிறோம். இதில் எதற்கும் கம்பெனிக்குப் பெரிய செலவு இல்லை, அதனால் மறுப்பதற்கு அவர் காரணம் தேட வேண்டியிருக்கும். பாதி இடங்களில் ஏதோ ஒன்று கிடைக்கும்.

மூன்று மாதத்தில் ஒன்றுமே அசையவில்லையா, வெளியே பாருங்கள், வீட்டில் என்ன சொன்னாலும் சரி. ஆனால் அடுத்த வேலையின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நேர்காணலில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா" என்பார்கள். நம் பிள்ளைகள் சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு, இல்லை என்று சிரித்துவிட்டு எழுந்து வருவார்கள். சம்பளத்தைக் கேளுங்கள். அதோடு, இந்த இடத்தில் இப்போது இருக்கிறவர் போன வாரம் யாரையும் கேட்காமல் தானாக முடிவு செய்தது என்ன என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் நல்ல அறிகுறி. முகத்தை முகம் பார்த்துக்கொண்டால் அங்கேயும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அர்த்தம். முடிந்தால் மதியம் கேன்டீன் பக்கம் நடந்து பாருங்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்களா, ஆளுக்கொரு மூலையில் ஃபோனைப் பார்க்கிறார்களா என்று. நான் ஆட்களை எடுத்த காலத்தில் இதைப் பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்று திரும்பிப் போன ஒரு பெண் இருந்தாள். அன்று கோபம் வந்தது. அந்த ஆலை அடுத்த வருடம் மூடியது.

கடிதம் கொடுப்பதென்றால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, உங்கள் ஒப்பந்தத்தில் அதைவிடக் கூட இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது செப்டம்பர் தாண்டிவிட்டது. வருடக் கடைசி போனஸ் கைக்கு வரட்டும், பொனானே, அதாவது புத்தாண்டு, கழியட்டும், ஜனவரியில் கொடுக்கலாம். அதுவரை அந்த நோட்டை எழுதிக்கொண்டிருங்கள்.